பால் பாக்கெட்டின் நிறமும் கொழுப்பின் கணக்கும்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சென்னையில் பச்சை நிறப் பாக்கெட்டின் இடத்தில் ஊதா நிறப் பாக்கெட்டை ஆவின் முன்னிறுத்தியபோது எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். பச்சையில் 4.5 விழுக்காடு கொழுப்பு, ஊதாவில் 3.5 விழுக்காடு. கொழுப்பு குறைந்தால் உடலுக்கு நல்லதுதானே என்று சிலர் சமாதானம் சொல்ல, விலையைக் குறைக்காமல் கொழுப்பை மட்டும் குறைப்பது மறைமுக விலையேற்றம் என்று மற்றவர்கள் சாடினார்கள். பணக் கணக்கைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வாதத்தில் புரியாதது ஒன்றுமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்கே கொழுப்பையும் கொழுப்பல்லாத மற்ற சத்துகளையும் அளந்து பார்த்துத்தான் பணம் தருகிறார்கள். பாலின் விலையில் கொழுப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் வாதம், அதாவது கொழுப்பு குறைந்த பாலே உடலுக்கு நல்லது என்பது, நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. அது முழுக்கப் பொய்யும் அன்று. எந்த அளவில், எந்த வடிவில், எதற்குப் பதிலாக என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

முதலில் பாக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிடுவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, நிறை கொழுப்புப் பாலில் குறைந்தது 6 விழுக்காடு கொழுப்பும், நிலைப்படுத்திய பாலில் 4.5 விழுக்காடும், சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடும், இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 விழுக்காடும் இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலில் அது அரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆவின் வாங்குவோரின் மொழியில் சொன்னால் முதல் மூன்றும் முறையே ஆரஞ்சு, பச்சை, நீலம். கொழுப்பு இப்படி ஏறி இறங்கினாலும், புரதமும் லாக்டோஸும் சுண்ணாம்புச் சத்தும் அடங்கிய மற்ற திடப்பொருள்களின் அளவு எல்லாவற்றிலும் 8.5 முதல் 9 விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே, கொழுப்பு குறைந்த பாலைக் குடித்தால் எலும்புக்கு வேண்டியது கிடைக்காது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கொழுப்பு குறைந்த பாலில் சர்க்கரையும் குறைவு என்று நீரிழிவு உள்ளவர்கள் சிலர் நம்புவதும் அதேபோல் தவறு. பாலுக்கு இயல்பான சர்க்கரையான லாக்டோஸ் எந்த நிறப் பாக்கெட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். கொழுப்போடு சேர்ந்து போவது, கொழுப்பில் கரையும் ஏ, டி வைட்டமின்கள். அவற்றைத் திரும்பச் சேர்த்த பாலின் உறையில் ‘+எஃப்’ என்ற முத்திரை இருக்கும்.

சமன்படுத்திய பால் இந்தியாவில் பிறந்த கதைக்கும் இதய நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி. 1946இல் பம்பாயில், நகரத்தின் பால் தட்டுப்பாட்டைச் சமாளிக்க தாரா நசர்வான்ஜி குரோடி என்ற பால்வள அதிகாரி ஒரு வழி கண்டார். எருமைப் பாலில் கொழுப்பு 7 விழுக்காடு வரை இருக்கும். அதில் தண்ணீரையும் கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் கலந்தால் கொழுப்பு பாதியாகக் குறையும், மற்ற சத்துகள் குறையாது, ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ இரண்டு லிட்டராகும். ஏழைக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கவும் முடியும். பின்னர் 1963இல் அமுல் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் குரோடியும் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டார். 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாக வந்த பால்பொடியும் வெண்ணெய்க் கொழுப்பும் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் பால் வழங்கலுக்குப் பயன்பட்டபோதும் நோக்கம் இதுவேதான்: இருக்கும் கொழுப்பை அதிகம் பேருக்குப் பகிர்வது. நம் நீலப் பாக்கெட் சிக்கனத்தின் பிள்ளை. அதற்கு ஆரோக்கியச் சான்றிதழ் பிற்காலத்தில்தான் ஒட்டப்பட்டது.

அந்தச் சான்றிதழ் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1955இல் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்த பிறகு, இதய நோயின் காரணம் பற்றிய கேள்வி அந்நாட்டின் வீட்டுக் கூடங்களுக்கே வந்துவிட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், நெய், இறைச்சி, தேங்காய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பு வகை) அதிகம் உண்ணும் மக்களிடம் இரத்தக் கொலஸ்டிராலும் இதய நோயும் அதிகம் என்று காட்டியது. 1961இல் அமெரிக்க இதயச் சங்கம் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கச் சொன்னது. 1977இல் செனட் குழுவின் உணவு இலக்குகளும் 1980இல் முதல் அரசு வழிகாட்டியும் அதையே தொடர்ந்தன. பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், பாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. தர்க்கம் எளிமையானது: நிறைவுற்ற கொழுப்பு, ‘கெட்ட கொலஸ்டிரால்’ எனப்படும் எல்.டி.எல். கொலஸ்டிராலை உயர்த்துகிறது, எல்.டி.எல். இரத்தக் குழாயை அடைக்கிறது, பாலில் அந்தக் கொழுப்பு இருக்கிறது, ஆகவே பால் கொழுப்பு ஆகாது. இதன் முதல் இரண்டு படிகளை மருத்துவ உலகம் இன்றும் ஏற்கிறது. சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. பால் என்பது தண்ணீரில் மிதக்கும் வெறும் கொழுப்பு அன்று.

பாலில் உள்ள கொழுப்பு மிக நுண்ணிய உருண்டைகளாக இருக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு வகைப் பொருள்களும் புரதங்களும் கொண்ட ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. கடையும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. உள்ளிருந்த கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கிறது. கிழிந்த சவ்வின் பெரும்பகுதி மோரில் தங்கிவிடுகிறது. உருக்கிய நெய்யில் அது இல்லை என்றே சொல்லலாம். சுவீடனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு குழுவினர் நாள்தோறும் 40 கிராம் பால் கொழுப்பைக் கிரீமாகவும், இன்னொரு குழுவினர் அதே 40 கிராமைச் சவ்வு நீங்கிய வெண்ணெய்க் கொழுப்பாகவும் எட்டு வாரம் உண்டார்கள். வெண்ணெய்க் கொழுப்பு உண்டவர்களுக்கு எல்.டி.எல். உயர்ந்தது, கிரீம் உண்டவர்களுக்கு உயரவில்லை. 2015இல் வெளியான இந்த முடிவு, அதே அளவு கொழுப்பைச் சீஸாக உண்பதைவிட வெண்ணெயாக உண்பதே எல்.டி.எல்.லை அதிகம் உயர்த்துகிறது என்ற பல சோதனைகளின் முடிவோடு ஒத்துப்போகிறது. ஆகவே பால், தயிர், சீஸ், வெண்ணெய், நெய் ஆகியவற்றைக் கொழுப்பின் எடையை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது சரியான கணக்கன்று. இதில் நமக்கு ஓர் அசௌகரியமும் இருக்கிறது. நெய் விளம்பரங்கள் பால் பற்றிய நல்ல செய்திகளை அப்படியே தமக்கும் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வுகள் அந்தச் சலுகையை நெய்க்குக் கொடுக்கவில்லை.

பெருந்திரள் ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ‘ப்யூர்’ ஆய்வு. 21 நாடுகளில் 1,36,384 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த அதன் முடிவு 2018இல் வெளியானது. பாலும் பால் பொருள்களும் உண்ணாதவர்களோடு ஒப்பிட, நாளொன்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் உண்டவர்களிடம் இறப்பு வாய்ப்பு 17 விழுக்காடு குறைவாக இருந்தது; ஒரு பங்கு என்பது ஒரு பெரிய குவளைப் பால். முழுக் கொழுப்புப் பாலை உண்டவர்களிடமும் இந்த நல்ல போக்கே தென்பட்டது. இதைப் படித்துவிட்டு ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு ஓடுவதற்கு முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஏழை நாடுகளில் நாளுக்கு இரண்டு குவளைப் பால் குடிக்க முடிகிறவர் பெரும்பாலும் ஓரளவு வசதியானவர், மருத்துவரிடம் போகக்கூடியவர், காய்கறியும் பழமும் வாங்கக்கூடியவர். அந்த வேறுபாட்டைப் புள்ளியியல் கொண்டு முழுதாகக் கழித்துவிட முடியாது. இரண்டாவது, அந்த ஆய்வில் தெற்காசியர்கள் உண்ட சராசரி நாளுக்கு 147 கிராம் மட்டுமே. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது 368 கிராம். குறைவாகக் குடிப்பவர் கொஞ்சம் கூட்டினால் தீங்கில்லை என்பதற்கு இது சான்றாகலாம். ஏற்கெனவே நிறையக் குடிப்பவர் கொழுப்பையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதற்கு ஆகாது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பால் கொழுப்பின் இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதுதான். அமெரிக்காவின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களின் உணவுப் பதிவுகளை ஆராய்ந்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேரடியாக விடை தருகிறது. ஒருவர் தம் மொத்தக் கலோரியில் பால் கொழுப்பிலிருந்து வரும் 5 விழுக்காட்டை, எண்ணெய் வித்துகளிலும் கொட்டைகளிலும் உள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்புக்கு மாற்றினால் இதய, இரத்தக் குழாய் நோய் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாகவும், முழுத் தானியங்களுக்கு மாற்றினால் 28 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. மாற்றாக வருவது பிற விலங்குக் கொழுப்பானால் வாய்ப்பு சற்றுக் கூடியது. அதாவது பால் கொழுப்பு நடுவில் நிற்கிறது: நல்லெண்ணெயும் கடலையும் அதைவிட மேல், இறைச்சிக் கொழுப்பு அதைவிடக் கீழ்.

இதை நம் தட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு நெருடல் எழும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று நடத்தும் ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, இந்தியரின் உணவில் சராசரியாக 62 விழுக்காடு கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் காட்டியது. அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும். நம்மவரிடம் பரவலாகக் காணப்படும் இரத்தக் கொழுப்புக் கோளாறும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு மிகுந்து நல்ல கொலஸ்டிரால் குறைந்த வகை. இப்படிப்பட்ட உணவில் பாலின் கொழுப்பைக் குறைத்துவிட்டு, அந்தப் பசியை இன்னும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொண்டு நிரப்பினால், நடந்தது முன்னேற்றமன்று. கலிபோர்னியாவில் நடந்த ஒரு சோதனையும் இதற்கு அருகில் வருகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க வகுத்த ‘டாஷ்’ உணவு முறையில் கொழுப்பு நீக்கிய பாலுக்குப் பதில் முழுக் கொழுப்புப் பாலைச் சேர்த்து, ஈடாகப் பழச்சாற்றின் சர்க்கரையைக் குறைத்தார்கள். இரத்த அழுத்தம் இரண்டு முறையிலும் ஒரே அளவு இறங்கியது. டிரைகிளிசரைடு முழுக் கொழுப்பு முறையில் கூடுதலாக இறங்கியது.

இனி வீட்டுக் கணக்கு. அரை லிட்டர் ஆரஞ்சுப் பாக்கெட்டில் சுமார் 30 கிராம் கொழுப்பு, அதில் சுமார் 20 கிராம் நிறைவுற்றது. அதே அளவு நீலப் பாக்கெட்டில் முறையே 15, 10 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிராமில் அது 22. ஆக, ஒரே ஆள் ஓர் ஆரஞ்சுப் பாக்கெட்டை நாள்தோறும் காலி செய்தால், பால் ஒன்றிலேயே அந்த ஒதுக்கீடு ஏறத்தாழ முடிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு நிறம் முக்கியம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த அரை லிட்டர் நான்கு பேரின் காபிக்கும் டீக்கும் பிரிகிறது. தலைக்கு 125 மில்லி என்றால், ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. காலை இட்லிக்கு அரைத்த சட்னியில் ஒருவர் பங்குக்கு 25 கிராம் தேங்காய் இருந்தால், அதிலேயே சுமார் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்துவிடும். பொங்கல் மேல் ஊற்றும் ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். அந்தக் காபியிலேயே இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டு நாளுக்கு மூன்று முறை குடிப்பவருக்குச் சர்க்கரை மட்டும் 25 கிராமை நெருங்கும். பாக்கெட்டின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் விவாதிக்கும் குடும்பத்தில் சர்க்கரை டப்பாவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் குடும்பமும் இதற்கு விலக்கன்று.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கெட்டியான பால் என்று ஆரஞ்சுப் பாக்கெட்டை வாங்கி, காய்ச்சும்போது சரிபாதி தண்ணீர் விடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அரை லிட்டர் பாலுக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டால் கொழுப்பு 6 விழுக்காட்டிலிருந்து 3 ஆகிறது. நீலப் பாக்கெட்டும் அதே 3 விழுக்காடு என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஒன்றல்ல. நீலப் பாக்கெட்டில் மற்ற சத்துகள் 8.5 விழுக்காடு, நாம் தண்ணீர் விட்ட பாலில் அது 9 விழுக்காட்டிலிருந்து 4.5 ஆகிவிட்டது. புரதமும் சுண்ணாம்பும் பாதி. குரோடி தண்ணீரோடு பால்பொடியையும் சேர்த்ததன் காரணம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. வளரும் பிள்ளைக்கும், பல் போய் உணவு குறைந்த முதியவருக்கும் தண்ணீர் விட்ட ஆரஞ்சைவிடத் தண்ணீர் விடாத நீலமே மேல்.

குழந்தைகளுக்கு இந்த விவாதம் முழுதாகப் பொருந்தாது. ஒரு வயதுக்குள் பசும்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்கக் கூடாது. ஒன்று முதல் இரண்டு வயது வரை கொழுப்பைக் குறைக்காத பாலே கொடுக்க வேண்டும் என்பதில் குழந்தை மருத்துவ அமைப்புகள் ஒத்துப்போகின்றன. மூளை வளர்ச்சிக்கும், சிறு வயிற்றில் போதிய ஆற்றல் சேர்வதற்கும் அந்தக் கொழுப்பு வேண்டும். பிரிட்டனில், நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு இரண்டு வயதுக்குமேல் பாதிக் கொழுப்புப் பாலும், ஐந்து வயதுக்குமேல் கொழுப்பு நீக்கிய பாலும் கொடுக்கலாம் என்கிறார்கள். முழுக் கொழுப்புப் பால் குடிக்கும் குழந்தைகளிடம் உடற்பருமன் குறைவு என்று 28 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2020இல் டொரன்டோவிலிருந்து வெளியானது. ஆனால் அவை அனைத்தும், யாருடைய பாலையும் மாற்றாமல் இருந்தபடியே கவனித்த கண்காணிப்பு ஆய்வுகள். பிள்ளை குண்டாக இருக்கிறதே என்று கவலைப்படும் பெற்றோர்தான் முதலில் கொழுப்பு குறைந்த பாலுக்கு மாறுகிறார்கள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று அவற்றைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

தயிரின் நிலை பாலைவிடச் சற்றுத் தெளிவானது. வாரத்துக்கு இரண்டு கோப்பையாவது தயிர் உண்பது இரண்டாம் வகை நீரிழிவின் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று, சான்று அளவானதுதான் என்ற நிபந்தனையோடு, உறையில் அச்சிட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் இசைந்தது. கொழுப்பின் அளவைப் பொறுத்து அது வேறுபாடு காட்டவில்லை. கடையில் ‘கொழுப்பு குறைவு’ என்று எழுதி விற்கும் பழச்சுவைத் தயிர்க் கோப்பைகள் இதில் சேராத தனி இனம் என்றே நான் நினைக்கிறேன். கொழுப்பை எடுத்தால் சுவையும் வழவழப்பும் போய்விடும். அந்த இடத்தைச் சர்க்கரையும் மாவுப் பொருள்களும் நிரப்புகின்றன. உறையின் பின்பக்கத்தில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படித்தால் போதும். வீட்டில் உறை ஊற்றிய தயிரில், அது எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும், அந்த வரிக்கு வேலையில்லை. நீலப் பாலில் தயிர் சற்றுத் தளர்வாக உறையும், அவ்வளவுதான். அதைக் கடைந்து தண்ணீர் சேர்த்தால் மோராகிவிடுகிறது, பந்திக்கும் வெயிலுக்கும் ஏற்ற, கொழுப்பு மிகக் குறைந்த பால் பொருள் நம்மிடம் முன்பே இருக்கிறது.

அதிகாரபூர்வ வழிகாட்டிகள் இப்போது ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் கொழுப்பு குறைந்த பாலையே இன்றும் பரிந்துரைக்கிறது. 2026 ஜனவரியில் வெளியான அமெரிக்க அரசின் புதிய வழிகாட்டி, சர்க்கரை சேர்க்காத முழுக் கொழுப்புப் பால் பொருள்களை ஏற்றுக்கொண்டு, நிறைவுற்ற கொழுப்புக்கான 10 விழுக்காட்டு வரம்பையும் அப்படியே வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் கடைப்பிடிப்பது எளிதன்று என்பது மேலே போட்ட அரை லிட்டர் கணக்கிலிருந்தே தெரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரித் தட்டுக்கு நாளொன்றுக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் என்கிறது. அந்த அளவுக்குள் நிற்கிறவருக்கு, வேறு நோய் இல்லையென்றால், எந்த நிறப் பாக்கெட்டும் பெரிய தீங்கு செய்யாது. எல்.டி.எல். ஏற்கெனவே உயர்ந்தவர், மாரடைப்பு வந்து சிகிச்சையில் இருப்பவர், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடிப்பவர் ஆகியோர் நீலத்தையோ இருமுறை சமன்படுத்தியதையோ தேர்ந்தெடுப்பது விவேகம். உடல் மெலிந்து பசி குறைந்தவருக்கு ஆரஞ்சே உதவும்.

நிறம் மாற்றுவோர் ஒரு கணக்கை மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறும் குடும்பம், அரை லிட்டருக்கு 15 கிராம் என்ற வீதத்தில் மாதத்துக்குச் சுமார் 450 கிராம் பால் கொழுப்பைக் குறைக்கிறது. நீலப் பாலிலிருந்து பால் பண்ணை பிரித்தெடுத்த அந்தக் கொழுப்பு வெண்ணெயாகி, நெய்யாகி, அதே பால் விற்பனை நிலையத்தின் இன்னோர் அலமாரியில் அரை லிட்டர் ஜாடியில் நிற்கிறது. அந்த ஜாடியின் எடையும் ஏறத்தாழ அதே 450 கிராம்தான். பால் இளைத்துவிட்டதே என்று பருப்புக்கும் தோசைக்கும் கூடுதலாக நெய் விட்டு, மாதச் சாமான் பட்டியலில் இன்னொரு ஜாடியைச் சேர்த்துவிட்டால், போன கொழுப்பு முழுதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இம்முறை அதன் சவ்வு இல்லாமல்.